நியூட்ரலில் இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

“ஏனுங்க பாய், பிரேக் புடிக்க மாட்டேங்குதுங்க.”

பழனிசாமி இதைச் சொன்னபோது ஏற்காடு மலைப்பாதையில் பாதி இறங்கியிருந்தோம். அவர் நாகலூர் எஸ்டேட் டிரைவர். நான் சேலத்தில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவன். போன வருடம் சேலத்தில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு எஸ்டேட் முதலாளி அம்மாவின் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். எழுபதைத் தாண்டிய அம்மா, தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களை ஓடுவதற்காகச் செய்தார்கள், நிற்பதற்காக அல்ல என்று நான் திட்டுவதுண்டு. ரெண்டே சீட், லேசான பாடி, முரட்டு இன்ஜின். வெள்ளைக்கார பிளாண்டர்கள் கப்பலில் வரவழைத்துப் பந்தயம் விட்ட வண்டிகள். டிஸ்க் பிரேக் எல்லாம் பிறகு வந்தது. இதில் நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்தான். டிரம் சூடேறினால் லைனிங் பிடிக்காது.

லைனிங் கருகும் வாடை அப்போதுதான் எனக்கு எட்டியது. இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. கியர் ராடைப் பார்த்தேன். நியூட்ரல்.

மலையில் இது பழக்கம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். வந்த கோபத்துக்கு அவரை அறைந்திருப்பேன், நேரமில்லை. எதிரே கொண்டை ஊசி வளைவு. அதற்கு அப்பால் ஏறி வரும் பஸ்ஸின் ஹாரன்.

“கியர்ல போடுங்க.”

“உழுக மாட்டேங்குதுங்க பாய், பல்லு அரைக்குது.”

“டபுள் கிளட்ச் அடிங்க. பழைய லாரி ஓட்டுனதில்லையா?”

“ஓட்டியிருக்கேனுங்க.”

கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். பிரேக் இல்லாமல் இறங்குகிற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தனித் தைரியம் வேண்டும். மறுபடி கிளட்ச். மூன்றாவது கியர் விழுந்தது. அதேபோல இரண்டாவது. இன்ஜின் அலறியது, வேகம் குறைந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். இடது மட்கார்டு மண்மேட்டில் உரசி நசுங்க, வளைவுக்கு முன்னால் கார் நின்றது. பஸ் எங்களை ஒட்டி ஏறிப்போனது. கண்டக்டர் திட்டியது காதுக்கு இனிமையாக இருந்தது.

அம்மா ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். “பாய், யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?”

பிரேக் பெயிலியர் என்று சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் பழனிசாமி ஸ்டீயரிங்கை விடாமல் சொன்னார்: “நாந்தானுங்கம்மா நியூட்ரல்ல உட்டேன். பாய் மேல தப்பில்லீங்க. நான் வேலைய உட்டு நின்னுக்கறேனுங்க.”

அம்மா குனிந்து நசுங்கிய மட்கார்டைத் தடவிப் பார்த்தார். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஓட்டிய கார் அது. அதை யாரும் தொட்டால்கூடப் பொறுக்க மாட்டார். பழனிசாமிக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

டிரம் ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு அம்மா ஜீப் சாவியை என்னிடம் நீட்டினார். “இதை நீங்க எடுத்துட்டு வாங்க பாய்.” காரில் நான் உட்கார்ந்திருந்த சீட்டில் ஏறி அமர்ந்தார். “ரெண்டாவது கியர்லயே எறக்கு சாமி. நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பட்டறைப் பையன்களுக்கு ஓயாமல் சொல்கிறேன். அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தப்புச் செய்தவனை நம்பி, அதே இறக்கத்தில், அவன் பக்கத்தில் போய் உட்காருவது எனக்கே வராது. அன்று ஜீப்பில் ஏறியபோது அப்பாடா என்றுதான் இருந்தது.