உதறிய போர்வை

மூன்றாம் வகுப்போடு நின்று, ஒற்றைத் தறியில் தொடங்கிப் பத்துத் தறி போட்டவன் நான். எதற்கும் பயந்ததில்லை. எழுபதுகளில், சேவூர் சாலையில் ஜட்காக்காரர் யாரோ விட்டுப்போன கிழட்டுக் குதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொள்ளு போட்டேன். ஒரு மாதத்தில் படுத்துவிட்டது. “இன்னிக்குத் தாங்காது” என்றார் மாட்டு டாக்டர்.

நடுங்குகிறதே என்று, புடவையை உதறும் பழக்கத்தில் போர்வையைப் படாரென்று உதறினேன். குதிரை அலறி எழப் பார்த்தது. குளம்பு என் நெற்றியை உரசியது. நான் பின்னால் துள்ளி விழுந்தேன். குதிரை பயத்திலேயே செத்துவிடுமோ?

“சாட்டைன்னு பயந்துகினு கீது. பெரிய வீரரு, மெல்ல போத்துங்க!” என்றாள் மனைவி.

மெல்லப் போர்த்திக் கழுத்தைத் தடவியபடி இருந்தேன். முதலில் நடுக்கம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு நின்றது.

இப்போது புதுப் புடவையைக்கூட நான் உதறுவதில்லை. மடிப்பு மடிப்பாகத்தான் பிரிக்கிறேன்.