தொப்பி போட்ட படம்

நான் கம்ப்யூட்டர் படித்தது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துத்தான். கொழுந்து பறித்துப் பழகிய கைக்கு மவுஸ் லேசில் அடங்கவில்லை. நான் அதைத் திட்டும்போதெல்லாம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கடைக்கார அண்ணன் சிரிப்பார்.

முதலில் கைக்கு வந்தது போட்டோவில் இருப்பவருக்குக் கோட்டுப் போடும் வேலை. வேலைக்கு மனுப் போடுகிற பையன்கள் ஸ்வெட்டரோடு வந்து உட்காருவார்கள், போட்டோவில் கோட்டும் டையுமாகப் போவார்கள். கழுத்தும் காலரும் சேருமிடத்தில் கோடு தெரியக் கூடாது, அதுதான் சூட்சுமம். அது பழகியதும் வெப் டிசைன் மேல் ஆசை வந்தது. காசில்லாமல் பக்கம் செய்து தருகிற தளம் ஒன்றில் கடைக்காக ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். படத்தை இங்கே வைத்தால் எழுத்து அங்கே ஓடும். தொட்டவுடன் போன் அடிக்கிற மாதிரி ஒரு பட்டன் வைக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லயத்தில், எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டு மாமா காணாமல் போனார்.

டீ ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக மறதி. கட்டின பெண்டாட்டியையே, "ஏம்மா, நீ யார் ஊட்டுப் புள்ள?" என்று கேட்பார். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவும் விடமாட்டாள். "உன்னக் கட்டிக்கிட்டு வந்த பாவி ஊட்டுப் புள்ள" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மார்கழி மாதம், புல் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை, கதவைத் திறந்து வெளியே போனவர் திரும்பவில்லை.

போலீசில் புகார் கொடுத்தார்கள். லயத்து ஆட்கள் ஓடையையும் தேயிலைக் காட்டையும் சலித்தார்கள். அக்கா ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"புள்ள, இதப் போட்டு எல்லாருக்கும் அனுப்பு."

கோயம்புத்தூரில் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு. அக்காவே அதை எட்டி வைத்துப் பார்த்தாள்.

"இது அவரு மாதிரியே இல்ல. தொப்பி இல்லாம அவர யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் மலையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆண்களின் தலையில் கம்பளித் தொப்பி இருக்கும். தூரத்தில் பனிக்குள் வருகிறவரைத் தொப்பியின் நிறத்தை வைத்துத்தான் இன்னாரென்று சொல்லுவோம். 'தொப்பியைக் கழட்டினா பெத்தவளுக்கே பிள்ளை தெரியாது' என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. மாமாவுடையது காதை மூடுகிற பழுப்புத் தொப்பி. தூங்கும்போதும் கழற்றமாட்டார்.

"அதெல்லாம் கஷ்டம்க்கா, எனக்கு இன்னும் அவ்வளவு தெரியாது" என்றேன்.

"கோட்டுப் போடற கை தொப்பி போடாதா?"

கடைக்கார அண்ணனிடமும் அதே நிறத்தில் ஒரு தொப்பி இருந்தது. அவர் தலையில் மாட்டி, கல்யாணப் படத்தில் மாமா திரும்பியிருந்த பக்கமே திருப்பிப் படம் எடுத்தேன். தொப்பியை மட்டும் வெட்டி எடுத்து மாமாவின் தலையில் வைத்தேன். காதோரம் ஒட்டவில்லை. அழித்து அழித்துச் செய்தேன். திருநீறு தொப்பிக்குள் மறைந்தது. நெற்றியில் கொஞ்சம் நிழல் கொடுத்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான். இப்பத்தான் எங்க ஆளு."

கடைக்குச் செய்திருந்த பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே அந்தப் படத்தை வைத்தேன். மேலே 'காணவில்லை', கீழே அக்காவின் நம்பரோடு அந்தப் பட்டன். நான் கட்டி முடித்த முதல் வெப் பக்கம் அதுதான். படத்தின் மேலேயே அந்த நம்பரை எழுதியும் அனுப்பினேன். வெலிங்டன், அருவங்காடு, ஊட்டி என்று படம் எல்லா குரூப்புக்கும் போனது. "அச்சு அசல் அவரேதான்" என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா சமைக்க அரிசி டின்னுக்குள் கையை விட்டிருக்கிறாள். அரிசிக்கு அடியில் கம்பளி தட்டுப்பட்டது. மறதி வந்ததிலிருந்து மாமா சாமான்களை இப்படித்தான் ஒளித்து வைப்பார். மாவு அப்பிய அந்தத் தொப்பியைப் பிடித்தபடியே கடைக்கு ஓடி வந்தாள்.

"வெறுந்தலையாப் போயிருக்காரு புள்ள!"

கல்யாணப் படத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். பக்கத்தில் படத்தை மாற்ற ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆனால் குரூப் குரூப்பாகப் போன படத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுப் படத்தை அனுப்பினால், "இத முன்னாடியே பாத்துட்டோமே" என்று பதில் வந்தது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இல்லீங்க, இதுல தொப்பி இல்ல, நல்லாப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

அன்று சாயங்காலம் லவ்டேல் பக்கமிருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். கடையிலிருந்த அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, இவரு முந்தாநாள் எங்கடைக்கு வந்தாருங்க. டீ குடுத்தேன். பேரு கேட்டா சிரிச்சாரு. உங்க மொதப் படம் அப்பவே எம் போன்ல இருந்துச்சுங்க. எடுத்து வெச்சும் பாத்தேன். அது தொப்பி போட்ட ஆளு, இவரு வேறன்னு விட்டுட்டனுங்க. ரயில் பாதையில நடந்து போனாரு."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மாமாவுக்கு வாய் இருந்தது, சொல்லத்தான் பேர் இல்லை.

லயத்து ஆட்கள் ஜீப் பிடித்துப் போனார்கள். பாதைக்கு மேலே, கூரை போன பம்ப் ரூமுக்குள் சுவரோடு சுவராக ஒடுங்கிக் கிடந்தாராம். குளிர்தான் உயிரை எடுத்தது என்று டாக்டர் சொன்னார்.

அடக்கத்துக்கு அந்த டீக்கடைக்காரரும் வந்தார். அக்காவின் முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க மேல தப்பு இல்லீங்க" என்றாள் அக்கா. "நாந்தான் தொப்பி போடச் சொன்னேன்."

நான் பக்கத்திலேயே இருந்தேன். போட்டது நான் என்று சொல்ல நினைத்தேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மறுநாளே பக்கத்தை அழித்துவிட்டேன். படம் மட்டும் அழியவில்லை. இன்றைக்கும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் யாரோ யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அக்காவுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. நம்பரை மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்றாள்.

போன வாரம் நான் அவள் வீட்டில் இருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருக்கிறாராம், படத்தில் இருப்பவர் மாதிரியே இருக்கிறாராம். அக்கா எதுவும் விளக்கவில்லை.

"அவரு எங்க ஆளு இல்லீங்க" என்றாள். "இருந்தாலும் அப்படியே விட்டுட்டுப் போயிராதீங்க. யாரு ஊட்டு ஆளோ, யாராச்சும் வர்ற வரைக்கும் கொஞ்சம் பக்கத்துல உக்காந்திருங்க."