தவக்காலத்தில் ஒரு சோயாக் கறி

நாற்பத்தேழு வயதில் என் உடம்பு என்னைக் கேட்காமலே சில முடிவுகளை எடுக்கத் தொடங்கியது. மாதா கோயிலில் பூசை நடுவில் கழுத்திலிருந்து தலைவரை அனல் ஏறும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவர்கள் என் பக்தியைக் கண்டு உருகினார்கள். மாதவிலக்கோ நினைத்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. சவூதியிலிருந்த கணவரிடம் போனில் சொல்ல வாயெடுத்தால், மோட்டார் சரிசெய்தாயிற்றா என்று கேட்பார். தெருவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "அவளுக்கு நின்னு போச்சு" என்று சொல்லும்போது எங்கள் பெண்களின் குரல் எப்படித் தாழும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாழ்ந்த குரலில் என் பேர் அடிபடக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மாதவிடாய் நிற்பதற்கு முன் சில வருடம் இப்படிப் படுத்தும், சோயா சாப்பிட்டால் சிலருக்கு அனல் கொஞ்சம் குறையும், எல்லாருக்கும் இல்லை என்றார். நான் அந்தச் சிலரில் ஒருத்தி என்று நானே முடிவுசெய்து, வரும் வழியில் மீல்மேக்கர் வாங்கினேன்.

வெறுமனே வேகவைத்தால் ஈரத்துணியை மெல்வதுபோல இருந்தது. ஆகவே தேங்காய் வறுத்தரைத்து, பட்டை கிராம்பு போட்டு, ஆட்டுக்கறிக்குச் செய்யும் மரியாதையெல்லாம் செய்தேன். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பது நினைவிலேயே இல்லை. தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் அந்த நாற்பது நாளும் இறைச்சி கிடையாது, மீன் மட்டும்தான். வருடம் முழுக்க மீன் தின்பவர்களுக்கு எவ்வளவு கடுமையான தவம்.

வாசனை மதிலைத் தாண்டிவிட்டது. செபக்கூட்டம் நடத்தும் பக்கத்து வீட்டு அக்கா நேராக வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையா இறைச்சி வச்சிருக்க?"

சோயா என்றேன். நம்பவில்லை. தனியாக இருப்பவளுக்கு இவ்வளவு மசாலாவில் சோயா எதற்கு என்றார். பாவியாக இருப்பதா, நின்றுபோனவளாக இருப்பதா என்று யோசித்தேன். பாவத்துக்காவது சாமியாரிடம் சொல்லித் தீர்க்கப் பாவசங்கீர்த்தனம் உண்டு. ஆனால் அந்த நேரம் பார்த்து அனல் ஏறியது. பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து நின்றேன்.

அக்கா போய் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். டாக்டர் பெண்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கு ரெண்டு மாசமா ரத்தம் நிக்காமப் போவுது மக்கா. யாருட்டயும் சொல்லல்ல. என்கூட வாறியா?"

கறியை மூடி வைத்துவிட்டு அப்போதே பஸ் ஏறினோம்.