வெண்கலக் குதிரையும் எங்கள் வீட்டுக் குதிரையும்

திருவள்ளூர் போகும் சாலையில் ஒரு முச்சந்தி. அங்கே உயரமான பீடத்தின்மேல் ஒரு வெண்கலக் குதிரையை நிறுத்தியிருந்தார்கள். கடம்பத்தூருக்குப் பக்கத்தில் குதிரைப் பண்ணை வைத்திருந்த முதலாளி, தான் வளர்த்த கத்தியவார் என்ற குதிரை இனத்துக்கு மரியாதையாக வைத்த சிலை அது. அந்தப் பண்ணையில்தான் என் அப்பா குதிரைக்காரராக இருந்தார். அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலத்தில் பண்ணையில் நோய் விழுந்தது. காலையில் கொள்ளு தின்ற குதிரைக்கு மாலையில் கண்ணுக்குமேலே வீங்கிவிடும். மறுநாள் மூக்கிலிருந்து நுரை தள்ளும். அப்புறம் நிற்காது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். அப்பா குழி வெட்டினார், சுண்ணாம்பு கொட்டினார், மூடினார், மறுபடி வெட்டினார். வீட்டுக்கு வந்தால் அவர்மேல் சுண்ணாம்பு நெடி அடிக்கும். அம்மா தட்டை வைத்தால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கடைசியில் லாயத்தில் மிஞ்சியது ஒரே ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை.

முதலாளி கெட்டவர் இல்லை. காலி லாயத்தின் நடுவில் நின்று அவர் அழுததை நானே பார்த்தேன். "இந்த ஜாதி இங்க இருந்துச்சுன்னு நாளைக்கு யாருக்கும் தெரியாம போயிடக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னார். சென்னையிலிருந்து ஒரு சிற்பி வந்தார். லாயத்திலேயே களிமண்ணைக் குழைத்து வேலை தொடங்கினார். அப்பா காலையிலிருந்து உச்சிவெயில்வரை அந்தப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இனத்துக்குக் காது உள்பக்கமாக வளைந்து, நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும். அதைச் செய்து முடிக்கவே சிற்பிக்குப் பல நாள் ஆனது.

அந்த மாதங்களில் அப்பா சந்தோஷமாக இருந்தார். சிலை வைத்ததும் முதலாளி புதுக் குட்டிகள் வாங்குவார், லாயம் மறுபடி நிறையும் என்று நம்பினார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டார்.

சிலை திறந்த அன்று பந்தல், பேண்டு வாத்தியம், பெரிய கூட்டம். துணியை இழுத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி மேடையிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டார். மாலை போட்டு நிறுத்தியிருந்த அந்தப் பெட்டையின் கடிவாளத்தை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"இனிமே இது உன்னுதுப்பா."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அப்பா கும்பிட்டபடி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஊட்டுக்கு இட்டுக்கினு போயி இதுக்கு இன்னாத்தப் போடறது?"

அடுத்த வாரம் பண்ணை மேனேஜர் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. முதலாளி சென்னைக்கே போய்விட்டார். இனிமேல் வேலை இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவும் நானும் அடுத்தவர் கழனியில் நாற்று நடப் போனோம். அப்பா வரப்பு வரப்பாகப் புல் அறுத்தார். எங்கள் கூலியில் முதலில் கொள்ளு வாங்கினோம், மிச்சத்தில் அரிசி. சிலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், சிலைக் குதிரை இதுதானா என்று எங்கள் கூரை வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா அவர்களுக்காக அதன் முதுகைத் தேய்த்து நிறுத்துவார்.

ஒரு நாள் அம்மா கேட்டேவிட்டாள். "ஸ்டேஷனாண்ட ஜட்காக்காரன் கேக்குறான். குட்த்துடேன்."

"அது வண்டி இழுக்கற ஜாதி இல்ல."

"நாங்க மட்டும் இன்னா ஜாதி? ஆத்தாளும் பொண்ணும் விடிஞ்சா சேத்துல நிக்கறோமே, தெரியலயா உனக்கு?"

அப்பா எழுந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். மறுநாள் சென்னைக்குப் போய் முதலாளியைப் பார்த்தார். குதிரையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி உட்காரவைத்துக் காபி கொடுத்தாராம். "கொடுத்ததைத் திருப்பி வாங்கறது எனக்கு மரியாதை இல்லப்பா. வித்துடவும் வித்துடாதே. ஊர்ல என்ன பேசுவாங்க" என்றாராம். அப்பா அதை அப்படியே எங்களிடம் சொன்னார். சொல்லும்போதுகூட அவருக்கு முதலாளிமேல் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. வரப்பில் ஒரு பச்சையும் இல்லை. நடவு வேலையும் இல்லை. குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. ஒரு நாள் காலையில் அப்பா புல் தேடித் தூரமாகப் போயிருந்தபோது, அம்மா ஜட்காக்காரரை வரச் சொல்லிக் குதிரையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனது.

அப்பா திரும்பி வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்த்தார்.

"நான்தான் குட்த்தேன்" என்றாள் அம்மா.

புல்லைக் கீழே போட்டுவிட்டுத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு நடந்தார். இருட்டுகிற நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

"பாத்தியா நைனா?" என்றேன்.

"வண்டில பூட்டிக்கிறான். என்னப் பாத்து கனைச்சிச்சு" என்றார். அவ்வளவுதான்.

மழை பிடிப்பதற்குமுன் அது செத்துப்போனது. சவாரியோடு பாலத்து ஏற்றத்தில் விழுந்ததாம், எழுந்திருக்கவில்லையாம். செய்தி கொண்டுவந்தவரிடம் அப்பா எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் அன்றோடு பேச்சை நிறுத்தினார். அவள் சமைத்ததைச் சாப்பிடுவார், அவளைப் பார்க்க மாட்டார். அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். அந்தச் சின்ன வீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா காய்ச்சலில் கிடந்து செத்துப்போன வாரத்தில்கூட அவர் வாய் திறக்கவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

திருவள்ளூருக்குப் போக வேண்டியிருந்தால் அப்பா முச்சந்தி வழியாகப் போக மாட்டார், கழனிக்குள் இறங்கிச் சுற்றிப் போவார். நான் பஸ்ஸில் போகும்போது சிலையைப் பார்ப்பேன். கொழுத்த உடம்பும் தூக்கிய தலையுமாக நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பீடத்துப் பலகையில் இனத்தின் பெயரும் முதலாளி குடும்பத்தின் பெயரும் இருந்தன. காலடியில் யாரோ வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு மீஞ்சூரில் கல்யாணம் ஆனது. எழுபதுகளில் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் பழைய இரும்பு சுமக்கச் சேர்ந்தார். ஆலைக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் நாலு பேரோடு தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு ரயிலில் போனேன். கையெல்லாம் வெட்டுக்காயம். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"எங்கூட வந்துடு நைனா. அவரும் கூப்டறாரு."

"அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"சும்மா இரேன். பேரப் பசங்க இருக்குதுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கொண்டுபோன சோற்றை அவர் பிரிக்கவே இல்லை. கடைசியில், "உனக்கு வண்டிக்கு நேரமாவுது" என்று மட்டும் சொன்னார்.