தெவேனாவுக்குக் கொடுக்காத கை

ரோன் ஆற்றில் ஊரார் துணி அலசியே ழாக்மாவின் பாதி ஆயுள் போயிற்று. ஜெனீவாவில் பழைய கத்தோலிக்கப் பூசை ஒழிந்து புதிய சீர்திருத்தப் போதகம் வந்தபோதும் அவள் கை தண்ணீரில்தான் இருந்தது. ஆனால் ஈஸ்டர் திருவிருந்து என்றால் அவளுக்கு உயிர். ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சரசம். கொஞ்ச நாளைக்கு உடம்புவலி தெரியாது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. அடுத்த வீட்டுத் தெவேனாவோடு சமாதானமானால்தான் பந்தியில் இடம் என்று மூப்பர் சபை சொல்லிவிட்டது.

சண்டை லேசானதல்ல. குளிர்காலத்தில் ழாக்மாவின் புருஷன் எமே சாகக் கிடந்தபோது, ஜன்னி வேகத்தில் சின்ன வயதில் படித்த மாதா ஜெபம் வாயில் வந்துவிட்டது. ஊரில் அது தடைசெய்த ஜெபம். தெவேனாவின் காதுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டா? மூப்பரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் புதிய ஜெபத்தைச் சொல்லச் சொல்ல, எமே திக்கித் திணறி, "மறந்துபோச்சு ஐயா" என்றபடியே போய்ச் சேர்ந்தான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூப்பர் சபையில் போதகர் இருவரையும் கைகொடுக்கச் சொன்னதும், தெவேனா சட்டென்று கையை நீட்டினாள். "என் மனசுல ஒண்ணுமில்லீங்க."

ழாக்மா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"கையைக் குடும்மா. பொழுது போகுது," என்றார் போதகர் அலுப்போடு.

"கையைக் குடுத்துடலாம் ஐயா, மனசு வரமாட்டேங்குதே. மனுஷ மனசு பிறவிக் கோணல், நம்மால நிமித்த முடியாதுன்னு நீங்கதானே சொல்றீங்க. பொய் மனசோட அப்பத்தைத் தொட்டா தண்டனைன்னும் சொல்றீங்க. மன்னிக்கிற மனசைக் குடுன்னு தினம் ஆண்டவர்கிட்டக் கேக்குறேன். இன்னும் குடுக்கலை."

போதகர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "கேட்டுக்கிட்டே இரு. அதுவரைக்கும் பந்திக்கு வராதே."

ஈஸ்டர் அன்று பிரசங்கம் முடிந்ததும், பந்திக்குத் தடுக்கப்பட்டவர்கள் ஊரே பார்க்க எழுந்து வெளியேற வேண்டும். ழாக்மா போய் ஆலயப் படியில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் தெவேனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்னைத்தான் யாரும் தடுக்கலையே?" என்றாள் ழாக்மா.

"வரிசையில நின்னேன். மேசைகிட்டப் போனதும் கால் நகரலை. அன்னிக்கு சபையில மனசுல ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னது பொய், ழாக்மா. உன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு எரியுது. நான் செஞ்சதுதான் உன் மூஞ்சியில தெரியுது."

ழாக்மாவுக்கு மன்னிப்பு வரவில்லை. தெவேனா இப்போது பொய் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது. சால்வையின் ஒரு முனையைப் படியில் விரித்தாள்.

"கல்லு சில்லுன்னு இருக்கு. உக்காரு."