மொன்றியலுக்கு அனுப்பிய பயம்

போன வியாழக்கிழமை காலை, லண்டன் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது கனடா உடைந்துவிட்டது.

அதாவது – என் மண்டைக்குள். ஹரோவில் ரயில் ஏறும்போது நாடு முழுசாகத்தான் இருந்தது. ஃபின்ச்லி ரோட் வருவதற்குள் கியூபெக் தனியாகக் கழன்றுபோய்விட்டது.

காரணம், போனில் வாசித்த ஒரு செய்தி. கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம் கியூபெக். அங்கே தேர்தல் வருகிறது. இரண்டு தடவை அள்ளிக்கொண்டு போன ஆளுங்கட்சி சரிந்து கிடக்கிறது. 'நாங்கள் தனித்துவமானவர்கள், ஆனால் பிரிந்து போகமாட்டோம்' என்று சொல்லி வென்ற கட்சி அது. கடந்த முறை கைவிரலில் எண்ணக்கூடிய ஆசனங்களோடு மூலையில் கிடந்த கட்சியோ கருத்துக் கணிப்புகளில் முன்னுக்கு வந்து நிற்கிறது. அவர்கள் கேட்பது தனிநாடு. வென்றால் முதல் தவணைக்குள்ளேயே வாக்கெடுப்பு என்கிறார்கள்.

உங்களுக்கு இது ஒரு செய்தி. எனக்கு... மூட்டை கட்டச் சொல்லும் அறிவிப்பு.

என்னைப் பற்றி இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தில் வாக்கெடுப்பு நடந்தபோது கிளாஸ்கோவில் இருக்கும் டாக்டர் நண்பனை எழுப்பி, "எல்லையை மூட முதல் வா" என்று கெஞ்சியவன் நான். பிரெக்ஸிட்டுக்கு நான் வாங்கி அடுக்கிய அரிசியில் வண்டு மூன்று தலைமுறை கண்டது.

ஆனால் மொன்றியலில் என் தங்கை மலர் இருக்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருப்பவள். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. ஐம்பத்திரண்டு வயது, தனியாள். பதினாறு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை இப்போது அவளே வாங்கப் போகிறாள். வீட்டுக்கார மதாம் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். வெளியாருக்கு விற்க மனம் வராமல் இவளைக் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை, பத்திரம் முடிக்கும் நொத்தாரிசின் அலுவலகத்தில் கையெழுத்து. அவள் வாழ்நாளில் அவள் பெயருக்கு வரப்போகும் முதல் வீடு.

செவ்வாய்க்கிழமை! உடையப்போகிற நாட்டில்!

"இஞ்சாருங்கோ, கனடா உடைஞ்சா உங்களுக்கென்ன? நீங்கள் இருக்கிறது ஹரோவிலை" என்றாள் மனைவி.

"மலர் இருக்கிறாளெல்லே!"

"முப்பது வருசமா அங்கை இருக்கிறவவுக்குத் தெரியாதது, ரெயினுக்குள்ளை இருந்த உங்களுக்குத் தெரிஞ்சிட்டுதோ?"

மலரையே கேட்பதென்று முடிவெடுத்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை பொறுத்திருந்து, மொன்றியலில் விடிந்த பிறகு, போன் எடுத்தேன். ஸ்பீக்கரில். பக்கத்தில் மனைவி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். சாட்சி வேண்டுமல்லவா?

"மலர், செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்காதை."

"ஏன் சின்னண்ணை, நாள் சரியில்லையோ?"

"நாடு சரியில்லை!"

மறுமுனையில் சிரிப்பு. நான் வாசித்ததெல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவள் குறுக்கிடவேயில்லை. சிறுபிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை உண்டு... அழுது முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

"முடிஞ்சுதோ? இப்ப கேளுங்கோ" என்றாள். "இஞ்சை சனத்துக்கு ஆட்சியிலை இருக்கிற ஆக்களிலை கோவம். ஆஸ்பத்திரிக்குப் போனா விடிய இருந்து பின்னேரம் மட்டும் கதிரையிலை இருத்தி வைக்கினம். அந்தக் கோவத்திலை மற்றக் கட்சிக்குப் போடுவினம். பிரியிறதோ எண்டு தனியாக் கேட்டா, பாதிக்கு மேலை ஆக்கள் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்."

"பிரியிறதுக்கு விருப்பமில்லாட்டி பிரியிற கட்சிக்கு ஏன் போடுகினம்?"

"நீங்கள் கோயிலுக்குப் போறது கும்பிடவோ, மத்தியானச் சாப்பாட்டுக்கோ?"

மனைவி போஞ்சியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சாட்சி எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது.

நான் விடவில்லை. "மலர், பிரிவினை எண்டா விளையாட்டில்லை..."

"ஆர் சொல்லுறது? ஹரோவிலை ஒரு மண்டபத்திலை லைனிலை நிண்டு ஊரிலை தமிழருக்குத் தனிநாடு வேணும் எண்டு வாக்குப் போட்டது ஆர்? படமெடுத்து எனக்கும் அனுப்பினீங்கள். நீங்கள் கேட்டா விடுதலை, அவன் கேட்டாப் பிரிவினையோ?"

"அது வேறை!"

"எல்லாருக்கும் தங்கடையது வேறைதான். என்னோடை வேலை செய்யிற பெட்டையளுக்குத் தங்கடை பாஷை இன்னும் இரண்டு தலைமுறையிலை இல்லாமப் போயிடும் எண்டு பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குது. அதுக்காகத் தலையிலை முக்காடு போட்ட பிள்ளையை ரீச்சர் வேலைக்கு எடுக்கமாட்டம் எண்டு சட்டம் போட்டது எனக்குப் பிடிக்கேல்லை. அதுவும் உண்மை. இரண்டையும் வைச்சுக்கொண்டுதான் இஞ்சை இருக்கிறம். உங்கடை பயம்தான் எனக்கு விளங்கேல்லை."

தோற்றுக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான்? சீட்டுக்கட்டின் அடியில் இருக்கும் துருப்பை எடுப்பான். எடுத்தேன்.

"தொண்ணூற்றைஞ்சிலை பெரியண்ணை என்ரை சொல்லைக் கேட்டவர்தானே!"



அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 'உடையாத நாட்டிலிருந்து அண்ணனைக் காப்பாற்றிய வீரன்' என்று இதே பக்கத்தில் எழுதினேன். சிரித்து மின்னஞ்சல் போட்டவர்கள் உண்டு. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். புதியவர்களுக்காகச் சுருக்கமாக...

யாழ்ப்பாணத்தில், ஊரில் எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, "இண்டைக்கு வீட்டிலை படுக்க வேண்டாம்" என்று அழுது அடம்பிடித்து எல்லோரையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறுநாள் வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. இரவில் ஷெல் விழுந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான்தான் வானிலை அறிவிப்பாளர். அதற்கு முன்னும் பின்னும் நூறு தடவை வீணாகப் பயந்திருக்கிறேன். அதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரேயொரு தடவை சரியாகப் பயந்தவனை யாராலும் திருத்த முடியாது.

தொண்ணூற்றைந்தில் நான் லண்டனில். பெரியண்ணை மொன்றியலில், ஒரு துணி ஆலையின் வெட்டும் பகுதிக்குப் பொறுப்பாளர். கூட வேலை செய்தவர்களிடமே பிரெஞ்சு படித்து, அதில் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிற அளவுக்கு வந்திருந்தார். அண்ணி, இரண்டு பிள்ளைகள், பூங்காவுக்கு எதிரே வீடு.

அந்த வருடம் கியூபெக்கில் பிரிவதா இல்லையா என்று இரண்டாவது வாக்கெடுப்பு. அதே மாதத்தில் ஆமி யாழ்ப்பாணத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் அங்கே. ஊரோடு பேசுவதற்குப் போன் கிடையாது. கடிதம் போகாது. நான் ஒரு அறைக்குள் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. மொன்றியலுக்கு இருந்தது.

ஆகவே பயத்தை மொன்றியலுக்கு அனுப்பினேன். போன் அட்டை அட்டையாக வாங்கி, நாள் தவறாமல். "வெளிக்கிடுங்கோ. நாடு பிரிஞ்சா முதலிலை எங்களைத்தான் கலைப்பினம். இப்பவே ரொறொன்ரோவுக்குப் போங்கோ." பெரியண்ணை கூரையில்லாத வீட்டைப் பார்த்தவர். வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் வேலையை விட்டு, வீட்டை விட்டு, பிள்ளைகளோடு, இங்கிலிஷ் பேசும் ரொறொன்ரோவுக்குப் போனார். மலர் மட்டும் படிப்பை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறத் தொடங்கிய அதே நாளில்தான் கியூபெக்கில் வாக்கு எண்ணினார்கள். மயிரிழையில் 'வேண்டாம்' வென்றது. கனடா உடையவில்லை. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

பெரியண்ணைக்கு மட்டும் போவதற்கு வேலை இல்லை.

நான் சொல்லும் கதை இந்த இடத்தில் சிரிப்போடு முடிந்துவிடும். பெரியண்ணையும் போனில் சேர்ந்து சிரிப்பார். "நல்ல காலம்ரா, உன்ரை சொல்லைக் கேட்டு வந்தன். இஞ்சை நல்ல தமிழ்க் கடையள் கிடக்கு" என்பார். பத்து வருடம் அப்படித்தான் சொன்னார். நாற்பத்தைந்து வயதில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

மலர் இப்போது பேசினாள்.

"சின்னண்ணை, அடுத்த வருசம் பனி கரையேக்கை பெரியண்ணை திரும்பி இஞ்சை வந்தவர். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது.

"பஸ்ஸிலை வந்தவர். பழைய ஆலைக்குப் போய் வேலை கேட்டவர். அவர் இடத்துக்கு வேறை ஆளைப் போட்டாச்சாம். கீழ் வேலையெண்டாலும் தாங்கோ எண்டு கேட்டவராம். இல்லையாம். ரொறொன்ரோவிலை சாமான் ஏத்தி இறக்கிற வேலை, முதுகு ஏலாது, பிரெஞ்சு கதைக்க ஆளில்லை எண்டு சொன்னவர். என்ரை அறையிலை சோறு சாப்பிட்டிட்டு, பின்னேர பஸ்ஸிலை போயிட்டார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை."

"ஏன்?"

"'சின்னவனுக்குச் சொல்லாதை பிள்ளை. அவன் பயந்து போடுவான்' எண்டார்."

மனைவியின் கத்தி நின்றது.

எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. முப்பது வருடமாக ஒரு மனிதரின் முதுகில் ஏறி நின்று நான் பகிடி விட்டிருக்கிறேன். கீழே இருந்தவர், நான் விழுந்துவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பயம் யாருக்குத்தான் இல்லை? எனக்கு வந்ததற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அதை என்னோடு வைத்திருக்கத் தெரியவில்லை. கையைச் சுடுகிறதென்று பக்கத்திலிருந்தவர் மடியில் போட்டேன். அதற்கு அக்கறை என்று பெயரும் வைத்தேன். கட்சிகள் வரும், போகும். மூலையில் கிடந்தது முன்னுக்கு வரும், முன்னுக்கு நின்றது மூலைக்குப் போகும். மொன்றியல் சனம் அதற்குள்ளேயே பிள்ளை வளர்த்து, பனி அள்ளி, வீடு வாங்கிக்கொண்டு இருக்கும். ஒரு நாடு உடைகிறதா இல்லையா என்பதைத் தீர்க்க வாக்குப் பெட்டி வேண்டும். ஒரு வீட்டை உடைக்க, லண்டனில் ஒரு போன் போதும்.

"மலர்..."

"சொல்லுங்கோ."

"இரண்டாவது வாக்கெடுப்பிலை தோத்தவை. மூண்டாவதிலை வெண்டிட்டா?"

பார்த்தீர்களா? இவ்வளவுக்குப் பிறகும் கேட்டேன்! மனைவி தலையில் கைவைத்தாள்.

"வெண்டா வெல்லட்டும்" என்றாள் மலர். "ஊரிலை இருந்து ஒருக்கா ஓடினன். அது காணும். இனி நாடு வேணுமெண்டா ஓடட்டும். நான் இஞ்சைதான்."

திங்கட்கிழமை போன் எடுக்கவில்லை. பத்துத் தடவை கையில் எடுத்தேன், பத்துத் தடவையும் வைத்தேன். செவ்வாய்க்கிழமை அதுவும் முடியாமல், போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், வெட்டத் தேவையில்லாத புல்லை வெட்டினேன். மழையில்.

பின்னேரம் மனைவி வாசலில் நின்று போனை நீட்டினாள். மலரின் செய்தி.

"கையெழுத்து வைச்சாச்சு சின்னண்ணை. இனி ஆறுதலா இருந்து பயப்பிடுங்கோ."

பயந்துகொண்டுதான் இருக்கிறேன் – இந்த முறை, ஒருவருக்கும் போன் எடுக்காமல்.