ஈரம் பட்ட பாலிகார்பனேட்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். என் அப்பா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். விரலால் தட்டுவார், நகத்தால் கீறுவார். "பாலிப்ரோப்பிலீன்தான். ஆனா பழைய சரக்க அரைச்சுக் கலந்திருக்கான்" என்று முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்வார். அம்மாவுக்கு மானம் போகும். எனக்குப் பெருமை பிடிபடாது.

வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பாவின் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை துவாக்குடியில், ஒரு தகரக் கூரையின் கீழே, ஒரே ஒரு மிஷினோடு இருந்தது. அங்கிருந்து அவர் கொண்டுவரும் துண்டுகளைக் குளியலறை வாளியில் போட்டு விளையாடுவேன். பாலித்தீன் மிதக்கும், நைலான் மூழ்கும். அக்ரிலிக் பார்வைக்குக் கண்ணாடி, கீழே விழுந்தாலும் கண்ணாடிதான். பாலிகார்பனேட்டும் அதே பளபளப்பு, ஆனால் சுத்தியலால் அடித்தாலும் அசராது. அப்படிப்பட்ட வீரனுக்கு ஈரம் ஆகாது என்பார் அப்பா. உருக்குவதற்கு முன், பையில் வரும் அதன் குருணை மணிகளைச் சூடான காற்றில் மணிக்கணக்காகக் காய வைக்க வேண்டும். பையைத் திறந்து போட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துவிடும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் மின்சார மீட்டருக்கான மூடிகள் செய்யும் வேலை வந்தது. அதுவரை சோப்பு டப்பாவும் பாட்டில் மூடியும் செய்துகொண்டிருந்த பட்டறைக்கு அது பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி. முதல் சரக்கு நன்றாகப் போனால் வருடம் முழுக்க வேலை. வங்கிக் கடனில் வாங்கிய மிஷின் நிற்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரக்கு அனுப்ப வேண்டிய நாளுக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வந்தது. அப்பாவை வளர்த்து ஆளாக்கிய பெரியப்பா, வழக்கம்போல் பித்தளைச் சொம்பில் காவிரித் தண்ணீரோடு பட்டறைக்கு வந்தார். மிஷினுக்குச் சந்தனம் வைத்தார். மீட்டர் மூடிகளுக்கான பாலிகார்பனேட் மணிகளோடு சுவரோரம் கட்டி வைத்திருந்த பைகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இப்படிக் கட்டி வெச்சா மகாலட்சுமி எந்தப் பக்கமாடா வருவா? எல்லாத்தையும் பிரிச்சு வைடா தம்பி."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அதை விழுங்கிவிட்டு, "சரிங்கண்ணே" என்றார்.

பைகள் பிரிந்தன. பெரியப்பா மாவிலையால் எல்லாவற்றின் மேலும் தண்ணீர் தெளித்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் தொடக்கூடாது என்பதால் பைகள் அப்படியே கிடந்தன. அன்று சாயங்காலம் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. கூடவே கரண்டும் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது, காய வைக்க வேண்டிய நேரத்தில் பாதிகூட மிச்சம் இல்லை. அப்பா அரைகுறையாகக் காய்ந்த மணிகளை மிஷினில் கொட்டினார்.

மூடிகள் பளிங்காக வந்தன. பெரியப்பா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எல்லாம் காவிரித் தண்ணியோட மகிமை" என்றார். அப்பா சிரிக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

மீட்டர் கம்பெனியில் மூடியின்மேல் இரும்புக் குண்டைப் போட்டுச் சோதிப்பார்களாம். முதல் மூடி விரிசல் விட்டது, அடுத்ததும் விட்டது. மொத்தச் சரக்கும் அதே டெம்போவில் திரும்பி வந்தது. வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"திரும்ப உருக்கிடலாமே அப்பா" என்றேன். பிளாஸ்டிக் விஷயத்தில் எனக்குத் தெரியாததா!

"உருகும்மா. பலம் வராது. ஈரத்தோட உருக்கினா உள்ளுக்குள்ள சங்கிலி சங்கிலியா இருக்கிறதெல்லாம் அறுந்துபோயிரும். அப்புறம் எத்தனை காய வெச்சாலும் ஒட்டாது."

அம்மா அடுப்படியிலிருந்து வெடித்தாள். "இவ்வளவு தெரிஞ்சவரு, பையப் பிரிக்க வேணாம்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரியப்பாவிடம் கடைசிவரை யாரும் எதையும் சொல்லவில்லை. கண் திருஷ்டி என்று அவரே முடிவு செய்து, பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனார்.

தை மாதத்துக்குள் மிஷின் போய்விட்டது. அதே தெருவில் இருந்த இன்னொரு கம்பெனிக்காரர் வாங்கினார். மிஷினோடு அப்பாவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். நீலச் சட்டை கொடுத்தார்கள், சட்டைப் பையின் மேல் நூலால் அப்பாவின் பெயர். சொந்தப் பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு நின்றவருக்கு யூனிஃபார்ம் கிடைத்துவிட்டது! அப்பா பெரிய ஆளாகிவிட்டார் என்று ஸ்கூல் முழுக்கச் சொன்னேன்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. "பெரியப்பாகிட்ட காட்டணும், வாங்க" என்று கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். தலையில் கைவைத்து, "எதுவானாலும் பெருமாள் உன்னைக் கைவிடலடா" என்றார்.

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணனுக்கு முன்னால் எப்போதும் போல மரியாதைக்குத்தான் அப்படி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.